காலடியில் ஒரு பாடம்



தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய பாதையில் உங்களில் பலர் போயிருப்பீர்கள். போகாதவர்கள் ஒருமுறை போய்வாருங்கள். இப்போது சிம்பாங் பூலாய் வழியாக அகலமான வேறொரு பாதை இருக்கிறது. அவசரக்காரர்கள் அதில் போகட்டும். மலையை உடம்பால் உணர்ந்து ஏற வேண்டுமென்றால் தாப்பா பாதைதான் சரி. தானா ராத்தா வரைக்கும் சுமார் அறுபது கிலோமீட்டர். நேராக நூறு அடி ஓடினால் அதுவே அதிசயம். ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளம், நடுவே பாம்பு நெளிந்ததுபோல் தார்ச்சாலை.

இந்தப் பாதையில் ஏறுவது காடிக்குச் சோதனை; இறங்குவது ஓட்டுகிறவனுக்குச் சோதனை. பெரியவர்கள் சொல்லும் இந்த வார்த்தையை நானும் பலமுறை கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். 2018-ஆம் ஆண்டு டிசம்பர் பள்ளி விடுமுறையில்தான் அதன் பொருள் எனக்கு விளங்கியது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

எங்கள் வீட்டில் ஒரு மோரிஸ் மைனர் இருக்கிறது. 1964-ஆம் ஆண்டில் செய்த காடி. என் தகப்பனார் 1979-இல் அதை இரண்டாம் கையாக வாங்கினார். தோட்டத்து லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவருக்கு அது வாழ்நாள் சேமிப்பு. மோரிஸ் மைனரைப் பற்றி இளைய வாசகர்களுக்கு ஒரு சொல்: அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்து, இங்கிலாந்தில் 1948-இல் வெளிவந்த சிறிய காடி அது. முட்டைபோல் உருண்ட உடம்பு, தவளைக் கண்போல் இரண்டு விளக்குகள். பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது. ஒரு காலத்தில் நம் நாட்டில் வாத்தியார், கிராணி, டிரெசர் என்று மாதச் சம்பளக்காரர்கள் பலர் ஆசைப்பட்டு வாங்கிய காடி.

அப்பா 2012-இல் காலமானார். காடி என் பொறுப்புக்கு வந்தது. கழுவினேன், மெழுகு பூசினேன், எஞ்சின் எண்ணெய் மாற்றினேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வெளியே எடுத்தேன். பார்ப்பவர்கள் பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன்.

அந்த டிசம்பரில், "அப்பா, தேயிலைத் தோட்டம் பார்க்கணும், நம்ம மோரிஸ்லேயே போவோம்" என்றாள் பதினொரு வயது மகள். என் தாயாரும் வருவதாகச் சொன்னார். பிடோர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து, நான், மனைவி, மகள், அம்மா என்று நால்வரும் விடியற்காலையிலேயே புறப்பட்டோம்.

தாப்பாவைத் தாண்டியதும் காற்று மாறிவிடுகிறது. செம்பனையும் ரப்பரும் பின்தங்க, மூங்கில் புதர்களும் காட்டுவாழைகளும் நெருங்கிவந்தன. வழியெங்கும் ஓராங் அஸ்லி மக்களின் சிறு குடிசைக்கடைகள். பெத்தாய், மூங்கில் குருத்து, காட்டுத்தேன் என்று தொங்கவிட்டிருந்தார்கள். லாத்தா இஸ்கண்டார் அருவி பாதையோரத்திலேயே பாறைமேல் விழுந்துகொண்டிருந்தது. அங்கே ஐந்து நிமிடம் நிறுத்திக் காடிக்கும் மூச்சு வாங்க நேரம் கொடுத்தோம். பிறகு பேரா மாநிலம் முடிந்து பகாங் தொடங்கியது. ரிங்லெட் வந்தபோது என் மனைவி சால்வையைப் போர்த்திக்கொண்டாள்.

1885-இல் வில்லியம் கேமரன் என்ற வெள்ளைக்கார நில அளவையாளர் இந்த மேட்டுநிலத்தைக் கண்டு எழுதிவைத்தார். அவர் பெயரே மலைக்கும் நிலைத்தது. பாதை போட்டு முடிந்தது 1930-களின் தொடக்கத்தில். 1929-இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் இன்றும் அங்கே பச்சைக் கம்பளம் விரித்துக் கிடக்கிறது. அந்தச் சரிவுகளில் கொழுந்து கிள்ளி வாழ்ந்த நம்மவர்களின் கதை உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் மகள் தேயிலைச் செடி ஒன்றைத் தொட்டுப் பார்த்து, "இவ்வளவு குட்டையா இருக்கே!" என்றாள். "கிள்ளக் கிள்ளத்தான் குட்டையா இருக்கும், விட்டா மரமாயிடும்" என்றார் என் தாயார்.

தானா ராத்தாவில் மதியச் சாப்பாடு. கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் சூடான சாம்பாரின் ருசியே தனி. இரண்டு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. இருட்டுவதற்குள் இறங்கிவிடலாம் என்று கிளம்பினோம்.

முதல் எச்சரிக்கை ரிங்லெட்டில் கிடைத்தது. சந்திப்பில் காய்கறி லாரி ஒன்றுக்காகப் பிரேக்கை மிதித்தபடி நின்றேன். காலுக்கடியில் பெடல் மெள்ள மெள்ளக் கீழே இறங்கியது. ஊறிய மண்ணில் கால் புதைவதுபோல் இருந்தது. காலை எடுத்து மறுபடி மிதித்தேன், சரியாகப் பிடித்தது. மழை ஈரமாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு காடியை விட்டேன். வாசகர்களே, அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இறங்கியிருப்போம். ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் பிரேக்கை அழுத்தினேன். பெடல் தரையைத் தொட்டது. காடி நிற்கவில்லை. மறுபடி மிதித்தேன், மறுபடியும் மிதித்தேன். மூன்றாவது மிதியில் கொஞ்சம் பிடித்தது. வளைவைத் தாண்டிவிட்டோம். என் முதுகில் வேர்வை ஓடியது. யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் பின் இருக்கையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"தம்பி, ரெண்டாவது கியர்லேயே விடு. அப்பா அப்படித்தான் இறக்குவாரு."

முப்பது ஆண்டுகள் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து பயணம் செய்தவர். என் காலைப் பார்க்காமலே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

இரண்டாவது கியருக்கு இறக்கினேன். எஞ்சின் உறுமியது, வேகம் அடங்கியது. முதல் கியருக்குப் போகலாமா என்றால், இந்தக் காடியில் ஓடும்போது முதல் கியர் எளிதில் விழாது. பற்களை ஒத்துப்போகச் செய்யும் அமைப்பு அந்தக் கியருக்கு இல்லை. தப்பித் தவறி நியூட்ரலில் மாட்டிக்கொண்டால் எஞ்சினின் பிடியும் போய்விடும். எனவே இரண்டாவதிலேயே வைத்து, தேவைப்பட்டபோது கைப்பிரேக்கை மெள்ள மெள்ள இழுத்து, பெடலை விட்டுவிட்டு மிதித்து இறங்கினேன். கைப்பிரேக் எண்ணெயை நம்பி இயங்குவதில்லை. கம்பிவடத்தால் பின்சக்கரங்களை நேரே பிடிக்கிறது. அன்று நான்கு உயிர்களைத் தாங்கியது அந்தக் கம்பிவடம்தான்.

லாத்தா இஸ்கண்டார் அருவியின் சத்தம் கேட்டதும்தான் மூச்சு வந்தது. கடைகளின் முன்னால் இருந்த இடத்தில் மெள்ள உருட்டி, கைப்பிரேக்கை முழுதாக இழுத்து நிறுத்தினேன். மலாய்க் கடைக்காரர் ஒருவர் நிலைமையைப் பார்த்ததும் ஓடிவந்து பெரிய கல்லைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தார். "பெலான்-பெலான், பாங்" என்று என் தோளைத் தட்டினார். 'மெல்ல, அண்ணே' என்று அவர் சொன்னது, காடி நின்ற பிறகும் நடுங்கிக்கொண்டிருந்த என் கைகளைப் பார்த்துத்தான்.

பிரேக் இல்லாத காடியைக் கயிறு கட்டி மலையிறக்கக்கூடாது. முன்னால் போகும் வண்டி நின்றால் பின்னால் வருவது நிற்காது. ஆகவே காடியை ஏற்றிப் போகும் லாரியை வரவழைத்தோம். லாரி ஓட்டிவந்த தமிழ் இளைஞர், "பழைய மோரிஸா? அப்படின்னா எங்க பெரியப்பாகிட்டதான் போகணும் சார்" என்றார். எங்களைத் தாப்பாவில் ஒரு வீட்டின் பின்புறக் கொட்டகைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

ஜம்பு மரத்து நிழலில் தகரக் கொட்டகை. அந்தப் பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தோட்டத்து லாரிகளையும் டிராக்டர்களையும் நாற்பது ஆண்டுகள் பார்த்த போமன். காடியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். நான்கு சக்கரங்களின் உட்புறத்தையும் விளக்கு வைத்துப் பார்த்தார். எங்கும் ஈரம் இல்லை. பிறகு என்னை உள்ளே உட்காரவைத்து, "லேசா மிதிச்சிக்கிட்டே இருங்க, விடாதீங்க" என்றார். மிதித்தேன். பெடல் மெள்ளத் தரைக்குப் போனது.

"வெளியே ஒழுகல வாத்தியாரே, உள்ளேயே ஒழுகுது. மாஸ்டர் பம்பு போயிடுச்சி. நாளைக்கு வாங்க, கழற்றிப் பார்ப்போம்."

மறுநாள் காலையில் மகளையும் அழைத்துக்கொண்டு பஸ்ஸில் தாப்பாவுக்குப் போனேன். வீட்டில் இரு என்றால் அவள் கேட்கவில்லை.

இந்த மாஸ்டர் பம்பு என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாம் மிதிக்கும் பெடல் ஒரு கம்பியைத் தள்ளுகிறது. கம்பி பம்புக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டனின் முன்னால் கிண்ணம்போல் ஒரு ரப்பர். அது எண்ணெயைக் குழாய் வழியே நான்கு சக்கரங்களுக்கும் அழுத்துகிறது. ரப்பர் தேய்ந்தாலோ, அது உராயும் சிலிண்டரின் சுவர் அரித்துப் பள்ளம் விழுந்தாலோ, எண்ணெய் சக்கரத்துக்குப் போகாமல் ரப்பரைத் தாண்டிப் பின்பக்கம் நழுவிவிடும். ஒரு சொட்டும் தரையில் சிந்தாது, அளவும் குறையாது. ஆனால் பிரேக் இருக்காது. இன்றைய காடிகளில் இரண்டு தனித்தனிப் பாதைகள் உண்டு. ஒன்று போனாலும் இன்னொன்று பிடிக்கும். மோரிஸ் மைனரில் ஒரே பாதைதான். போனால் நான்கும் போகும்.

மற்ற பல காடிகளில் பம்பு எஞ்சின் பக்கத்தில் கண்ணுக்கு நேரே இருக்கும். மைனரில் அது ஓட்டுகிறவரின் காலுக்கு அடியில், தரைக்குக் கீழே, அடிச்சட்டத்தின் உள்ளே ஒளிந்திருக்கிறது. எண்ணெய் அளவு பார்ப்பதற்கே கம்பளத்தைத் தூக்கி, தரையில் உள்ள மூடியை எடுக்க வேண்டும். கம்பளத்தைத் தூக்குகிறவர் எத்தனை பேர்? நான் ஆண்டுக்கு ஒருமுறை தூக்கி, எட்டிப் பார்த்து, நிறைந்திருக்கிறது என்று மூடிவிடுவேன்.

பெரியவர் முதலில் காடியைத் தூக்கி, கனமான மரக்கட்டைகளின்மேல் உட்காரவைத்தார். "ஜாக்கியை நம்பிக் காடிக்கடியில படுக்கக்கூடாது பாப்பா" என்று என் மகளிடம் சொன்னார். பிறகு கம்பளம், அதன்கீழ் திருகுகளால் பிடித்திருந்த தரைத்தகடு எல்லாவற்றையும் எடுத்தார். திருகுகளைப் பால் டின்னில் போடச் சொன்னார். அது மகளின் வேலை.

உள்ளே தெரிந்தது ஒரு கறுத்த இரும்பு உருளை, மூடியைச் சுற்றிச் சேறும் தூசியும். "திறக்கிறதுக்கு முன்னால சுத்தம் பண்ணணும். இதுக்குள்ள மணல் ஒண்ணு விழுந்தாலும் ரப்பரைக் கிழிச்சிடும்" என்றார். துணியால் துடைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்தார். எண்ணெயை ரப்பர்க் குமிழால் உறிஞ்சி எடுத்து ஒரு கண்ணாடிக் குவளையில் விட்டார். சாயம் பூசிய இடங்களில் துணி போர்த்தினார். பிரேக் எண்ணெய் பட்டால் சாயம் உரிந்துவிடுமாம்.

குவளையைப் பார்த்தேன். தேன் நிறத்தில் இருக்க வேண்டிய எண்ணெய், கோப்பி வண்டல்போல் இருந்தது.

"கடைசியா எப்போ மாத்தினீங்க?"

நான் பதில் சொல்லவில்லை. நிறைந்திருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, மாற்ற வேண்டும் என்று நினைத்ததே இல்லை. பெரியவர் கடிந்துகொள்ளவில்லை. "இந்த எண்ணெய் காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிக்கும். தண்ணி சேர்ந்தா இரும்பு துரு பிடிக்கும். மலையில பிரேக் சூடானா அந்தத் தண்ணி ஆவியாயிடும். ஆவியை அமுக்கினா அமுங்கும், சக்கரத்தைப் பிடிக்காது" என்று மட்டும் சொன்னார்.

அடுத்து, பம்பின் பின்பக்கம் எண்ணெய்க் குழாயைப் பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றினார். அதன் இருபுறமும் இருந்த செம்பு வாஷர்களைத் தனியே எடுத்துக் காட்டினார். ஒருமுறை நசுங்கிய வாஷரை மறுபடி போடக்கூடாது. புதிது போட வேண்டும். குழாய் வாயில் தூசி போகாமல் சுத்தமான துணியால் கட்டினார். பெடலின் கம்பியை விடுவித்தார். இனி மிச்சம் இருப்பவை, பம்பைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் இரண்டு நீண்ட போல்ட்டுகள் மட்டுமே.

பெரியவர் பெருமூச்சு விட்டார். "இதுதான் இந்தக் காடியில தலைவலி. முன்சக்கரத்தைத் தாங்குற டோர்ஷன் பார் சட்டத்தை ஒட்டியே ஓடுது. நட்டு கழன்றாலும் போல்ட்டை வெளியே இழுக்க விடாம அது மறிக்கும். அந்தப் பாரை இளக்கணும்னா அரை நாள் வேலை. நீங்க டீ குடிச்சிட்டு வாங்க."

நாங்கள் எழுந்திருக்கவில்லை. அவர் காடிக்கடியில் நகர்ந்து போனார். விளக்கின் வெளிச்சம் அங்கும் இங்கும் அசைந்தது. சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு அடியிலிருந்து சிரிப்பு கேட்டது.

"வாத்தியாரே, இந்தக் காடியை இதுக்கு முன்னால யாரு பார்த்தது?"

"எங்க அப்பாதான்."

"புண்ணியவான்! போல்ட்டைத் திருப்பிப் போட்டிருக்காரு. தலை இந்தப் பக்கம், நட்டு அந்தப் பக்கம். பாரைத் தொடவே வேண்டாம், நேரா வந்துடும்."

ஒருமுறை பாரை இளக்கிப் பட்ட சிரமத்தை அடுத்தவன் படவேண்டாம் என்று, மறுபடி பூட்டும்போது போல்ட்டின் திசையையே மாற்றியிருக்கிறார் அப்பா. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அடுத்த பத்து நிமிடத்தில் இரண்டு போல்ட்டும் வெளியே வந்தன. பம்பைச் சாய்த்து, மேலே தூக்கி எடுத்துப் பழைய செய்தித்தாளின்மேல் வைத்தார் பெரியவர். அரை நாள் வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது.

மேசைமேல் வைத்து வாயில் இருந்த ரப்பர் உறையை நீக்கி, வளையக் கிளிப்பை எடுத்தார். பிஸ்டன், ரப்பர்க் கிண்ணம், சுருள்வில் எல்லாம் வரிசையாக வெளியே வந்தன. வந்த வரிசையிலேயே தாளில் அடுக்கினார். கிண்ணத்தின் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்து மடங்கியிருந்தது. பெட்ரோலில் கழுவலாமா என்று கேட்டேன். "கூடவே கூடாது. பெட்ரோலும் எஞ்சின் எண்ணெயும் பட்டா இந்த ரப்பர் ஊதிப்போயிடும்" என்று புதிய பிரேக் எண்ணெயில் அலசினார். சிலிண்டரைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே, வழவழவென்று இருக்க வேண்டிய சுவரில் அம்மைத் தழும்புகள்போல் துருப்பள்ளங்கள்.

"ரப்பர் மட்டும் மாத்தினா ஒரு மாசம் ஓடும். இந்தப் பள்ளம் புது ரப்பரையும் தின்னுடும். முழுசா மாத்திடுங்க."

ஈப்போவில் சொல்லிவைத்து, புதிய பம்பு வந்துசேர நான்கு நாள் ஆனது. அதற்கிடையில் ஒரு மாலை, வீட்டில் அம்மாவிடம் போல்ட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "அவரு எல்லாத்தையும் நோட்டுல எழுதி வைப்பாரே. காடியிலதான் இருக்கும், பாக்கலையா?" என்றார்.

கையுறைப் பெட்டிக்குள், வரைபடத்துக்கும் பழைய ரசீதுகளுக்கும் அடியில் இருந்தது அந்த நோட்டு. ஆறு ஆண்டுகளாக என்னோடுதான் பயணம் செய்திருக்கிறது. நான் திறந்ததில்லை. பென்சிலில் எழுதிய குண்டு எழுத்து. 1991-ஆம் ஆண்டுப் பக்கத்தில், 'மாஸ்டர் பம்பு மாற்றினேன். போல்ட்டைத் திருப்பிப் போட்டிருக்கிறது. இனி கழற்றுகிறவனுக்குச் சுலபம்' என்று இருந்தது. அதன்கீழே அடிக்கோடிட்டு, 'எண்ணெய் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்ற வேண்டும்.' அதன்பின் 1993, 1995 என்று வரிசையாகத் தேதிகள். கடைசித் தேதி 2011. அதற்குப் பிறகு வெற்றுத் தாள்கள்.

படிப்பு நாலாம் வகுப்பு, லாரி டிரைவர். அவர் தவறாமல் செய்த வேலையை, பயிற்சிச் சான்றிதழ் வாங்கிய வாத்தியார் ஏழு ஆண்டு செய்யவில்லை. மாணவர்களிடம் 'பாடப் புத்தகத்தைத் திறந்து பார்' என்று தினமும் சொல்கிறவன் நான். என் தாயையும் மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு அந்த மலையில் இறங்கியதை நினைத்தால் இன்றும் இரவில் விழிப்பு வருகிறது.

புதிய பம்பைப் பூட்டிய அன்று மகளுக்குத்தான் முக்கிய வேலை. குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். பம்புக்குத் தொலைவில் உள்ள இடது பின்சக்கரத்தில் தொடங்கி, அருகில் உள்ள சக்கரத்தில் முடிக்க வேண்டும். மகள் இருக்கையின் நுனியில் உட்கார்ந்து பெடலை மிதித்தாள். பெரியவர் சக்கரத்தடியில் திருகைத் திறந்தார். "அமுக்கு… பிடிச்சிக்க… விடு." குழாய் நுனி மூழ்கியிருந்த போத்தலில் குமிழிகள் கிளம்பின. குமிழி நின்றதும் அடுத்த சக்கரம். இடையிடையே பம்பில் எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருப்பது என் வேலை. அது வற்றினால் மறுபடி காற்று புகுந்துவிடும். நான்காவது சக்கரம் முடிந்ததும் மகள் கத்தினாள்: "அப்பா, இப்போ கல்லு மாதிரி இருக்கு!"

கடைசியாக, பெடல் கம்பிக்கும் பிஸ்டனுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கிறதா என்று பெரியவர் சரிபார்த்தார். அது இல்லாவிட்டால் காலை எடுத்த பிறகும் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். போல்ட்டுகளை அப்பா போட்ட திசையிலேயே போட்டிருந்தார். நான் கேட்காமலே செய்தார்.

பள்ளி திறந்ததும் இதை ஐந்தாம் ஆண்டு வகுப்பில் பாடமாக்கினேன். பெரியதும் சிறியதுமாக ஊசி இல்லாத இரண்டு பீச்சுகுழல், ஒரு சிறு ரப்பர்க் குழாய், கொஞ்சம் தண்ணீர் போதும். சிறியதை ஒருவன் ஒரு விரலால் அழுத்த, பெரியதை இன்னொருவன் உள்ளங்கையால் தடுத்துப் பார்த்தான், முடியவில்லை. மூடிய திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் சொன்னது இதுதான் என்றேன். பிறகு குழாயில் கொஞ்சம் காற்றை விட்டு அழுத்தச் சொன்னேன். காற்று சுருங்கியது, மறுமுனை தயங்கித் தயங்கித்தான் அசைந்தது. "சார், அப்போ காடி நிக்காதே!" என்றான் கடைசி வரிசைப் பையன். வாரம் முழுதும் வாய் திறக்காத பிள்ளை அவன்.

வாசகர்களே, பழைய காடி வைத்திருப்பவர்கள் இன்றே ஒரு காரியம் செய்யுங்கள். காடியை நிறுத்தி வைத்து, எஞ்சினை அணைத்துவிட்டு, பிரேக்கை மெள்ள மிதித்து அரை நிமிடம் அப்படியே பிடியுங்கள். பெடல் இறங்கிக்கொண்டே போனால், அந்தக் காடியை நகர்த்தாதீர்கள். தெரிந்த போமனை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். எண்ணெயை முழுதாக மாற்றி எத்தனை ஆண்டாயிற்று என்று யோசித்துப் பாருங்கள். மலையிறங்கும்போது எந்தக் காடியானாலும் கியரை இறக்கி ஓட்டுங்கள். இந்த வேலையைப் பழகாத கையோடு தனியே செய்யத் துணியாதீர்கள். ஆனால் போமன் செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். உங்கள் பிள்ளைகளையும் நிற்க வையுங்கள்.

2019 மார்ச் விடுமுறையில் மறுபடி அதே பாதையில் ஏறினோம். இறங்கும்போது லாத்தா இஸ்கண்டாரில் நிறுத்தி, கல் வைத்த கடைக்காரரிடம் இரண்டு கட்டு பெத்தாய் வாங்கினோம். அவர் என்னை மறந்திருந்தார், காடியை மறக்கவில்லை. குனிந்து சக்கரத்தைப் பார்த்துச் சிரித்தார்.

அன்று வீடு திரும்பியதும் மகள் நோட்டை எடுத்தாள். 2011-க்குக் கீழே, தாத்தாவின் குண்டு எழுத்தைப் பார்த்துப் பார்த்துத் தன் கையால் எழுதினாள்: 'டிசம்பர் 2018. புதுப் பம்பு. போல்ட்டு தாத்தா போட்ட மாதிரியே இருக்கிறது.' அதன் பிறகு 2020, 2022, 2024 என்று தேதிகள் தவறாமல் வரிசையில் சேர்ந்திருக்கின்றன. எல்லாம் அவள் கையெழுத்துதான்.